ஐந்துக்கு இரண்டு

டின் ஃபேக்டரி நிறுத்தத்துக்குப் பின்னால்
டயர்க்கடை மாடியில் எங்கள் கம்பெனி.
மூன்று பேர், நான்கு நாற்காலி.
தண்ணீர் லாரிக்கும் அடுக்ககத்துக்கும் நடுவே
நாங்கள் ஒரு செயலி.
பணம் போட்டவர் சொல்லிவிட்டார்:
நீங்கள் கம்பெனியா, மூன்று சிநேகிதர்களா என்பது
அந்த நான்காவது நாற்காலியில் தெரிந்துவிடும்.

பதினோரு பேரைப் பார்த்தோம்.
எல்லோருக்கும் ஒரே கேள்வி:
ஏப்ரல் மாதம் ஒரு நாளைக்கு
இந்த ஊரில் எத்தனை டேங்கர் ஓடும்?

ஹர்ஷவர்தன் ரானடே
பலகை முன் நின்று ஜனத்தொகையை வகுத்தான்,
பெருக்கினான்,
விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டான்.
இளம்பரிதி மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினான்.
ஹாஸ்டல் காலத்துப் பழக்கம்.
நம்ம ஆள் என்று அர்த்தம்.

ஜெசிந்தா கடைசியாக வந்தாள்.
தங்கவயலிலிருந்து விடிகாலை ரயில்,
கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி நடை.
பேனாவின் மூடியைக் கழற்றி
மறுபடி மூடினாள்.
“ஆறாயிரம் லிட்டர் வண்டியா, பன்னெண்டாயிரமா சார்?”
நாங்கள் அதை யோசித்ததில்லை.
“எனக்குத் தெரியாது.
மாரத்தஹள்ளி போர்வெல்லுல
ராத்திரி சீட்டு கிழிக்கிறவருக்குத் தெரியும்.
நம்பர் இருக்கு. போடவா?”

ஜெரால்டு சிரித்தான். நானும்.
படிவத்தில் ஒரு கட்டம்: நம்மோடு ஒட்டுவாரா?
ஐந்துக்கு இரண்டு என்று எழுதினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
உறுதி போதாது.

ஹர்ஷவர்தனுக்கு நாற்காலி, மடிக்கணினி,
கம்பெனியில் அரை சதவீதம்,
பெயர் பொறித்த காபிக் கோப்பை.
ஏழு வாரம்.
ஒயிட்ஃபீல்டில் பதினேழு லாரி வழிமாறி
வாட்ஸப்பில் ஓர் அடுக்ககமே
எங்களைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்த மத்தியானம்
கடிதம் அனுப்பினான்.
மூன்று பத்தி. நல்ல ஆங்கிலம்.
நிறையக் கற்றுக்கொண்டானாம்.

அன்று இரவு நானே கிளம்பிப் போனேன்.
கேட்டுக்கு வெளியே மஞ்சப்பாவின் லாரி
ஒன்றே கால் மணி நேரமாக.
செயலியில் பச்சை: வந்து சேர்ந்தது.
தண்ணீர் தொட்டிச் சாவி வாட்ச்மேனிடம்,
வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தான்.
எங்கள் வரைபடத்தில்
சாவிக்கு ஒரு புள்ளி கிடையாது.
“இதையெல்லாம் யாரைய்யா கேட்கிறது?” என்று
மஞ்சப்பாவிடம் கத்தினேன்.
கத்தி முடித்ததும்
எனக்கே அது காதில் விழுந்தது.

மறுநாள் மாலை கூப்பிட்டேன்.
ரயில் சத்தம், கடலைக்காரன் குரல்,
பங்காரப்பேட்டை வரப்போகிறது என்றாள்.
வேலை காலியா என்று கேட்கவில்லை.
“அன்னிக்கு எனக்கு எவ்ளோ மார்க் போட்டீங்க?”

அது வந்து, பட்ஜெட், அப்போதைய நிலைமை,
எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன.
“ரெண்டு” என்றேன்.
“அஞ்சுக்கா, பத்துக்கா?”

அதற்குள் சிக்னல் போய்விட்டது.
மூன்று முறை முயன்றேன்.
அரை மணி கழித்து அவளே அழைத்தாள்.

“அவருக்குக் குடுத்த அதே சம்பளம், ஒரு ரூபா கொறையக் கூடாது.
அரை சதவீதமும்.
சாயந்தரம் அஞ்சரைக்குக் கெளம்பிடுவேன்,
ரயில் எனக்காக நிக்காது.
திங்கக்கிழமை வர்றேன்.
அந்தப் பேப்பரை எடுத்து வைங்க, பாக்கணும்.”

தேடினேன்.
கழுவாத காபிக் கோப்பைக்கு அடியில் இருந்தது,
பழுப்பு வட்டத்தோடு.
என் கையெழுத்து இத்தனை கோணல் என்று
இன்றுதான் பார்க்கிறேன்.

கிழித்துவிடு என்கிறான் இளம்பரிதி.
அஞ்சை மூன்றாக்கு, அதாவது இரண்டை, என்று
உளறுகிறான் ஜெரால்டு.
கீழே டயருக்குக் காற்றடிக்கிறார்கள்,
தரை லேசாக அதிர்கிறது.
இன்று வெள்ளி.
இழுப்பறையில் வைத்திருக்கிறேன்,
எல்லாவற்றுக்கும் மேலாக.